செக்ரோல் குவெரி ‘டூ காம்ப்ளெக்ஸ்’ என்று நிற்கிறது: 93 நிரல், 700 பேர், என்ன வழி?

ஒபிஸ்_மேசை (ஹட்டன்)

தேயிலைத் தோட்ட ஒபிசில் செக்ரோல் (தொழிலாளர் வேலை, சம்பளப் பதிவு) மைக்ரோசொஃப்ட்டின் டேட்டாபேஸ் மென்பொருளான அக்சஸ் 2016இல் ஓடுகிறது. பழைய எக்செல் தாளையே டேபிளாக ஏற்றியிருக்கிறார்கள். ஒரு தொழிலாளிக்கு மாதத்துக்கு ஒரு வரி. நாளுக்கு மூன்று நிறுவை, காலை, பகல், அந்தி. நா1_கா, நா1_ப, நா1_அ என்று தொடங்கி நா31_அ வரை 93 நிரல். சுமார் 700 பேர்.

கணக்கு இப்படி: நாளின் மூன்று நிறுவையும் கூட்டு, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழி. 18 கிலோவோ அதற்கு மேலோ வந்தால் முழுப்பேர் (முழு நாட்கூலி), 9 முதல் 18க்குள் அரைப்பேர் (பாதி), 18க்கு மேற்பட்ட கிலோவுக்குத் தனிக்காசு. மாதப் பேரையும் மேல்கிலோவையும் கூட்டி சம்பளம், அதற்கு ஈபிஎஃப் (சேமலாப நிதி: தொழிலாளி 8%, தோட்டம் 12%), ஈடிஎஃப் (நம்பிக்கை நிதி) 3%, கடைசியில் கையில் கிடைப்பது.

இந்தக் கணக்கைக் குவெரியாக (டேபிளிடம் கேட்கும் கேள்வியாக) ஓட்டினால் ‘குவெரி இஸ் டூ காம்ப்ளெக்ஸ்’ (மிகச் சிக்கலானது) என்று வருகிறது, பிழை எண் 3360. செய்து பார்த்தவை:

ஒரே குவெரியை மூன்றாகப் பிரித்தேன். முதலாவது நாள் மொத்தம், அதன்மேல் பேர், அதன்மேல் சம்பளம். முதலாவது தனியாக ஓடுகிறது, இரண்டாவது முக்கிமுக்கி ஓடுகிறது, மூன்றாவதில் அதே பிழை.

வெற்று நிறுவை உள்ளவர்களைத் தள்ளிவிட 93 நிரலுக்கும் ‘நல் இல்லை’ (வெற்று அல்ல) என்று, நிபந்தனை எழுதும் ‘வேர்’ (where) பகுதியில் போட்டேன். அதோடு டிவிஷன், மாதம், பாலர், ஓய்வு என்று இன்னும் 8 நிபந்தனை. அதுவும் ஓடவில்லை.

சம்பளம் முடிக்க நாள் குறைவு, அதனால் இந்த மாதத்துக்கு ஒரு ஒட்டு வேலையும் பிறகு நிரந்தர வழியும் சொல்லுங்கள். அடுத்த வருஷம் மலையிலேயே போனில் நிறுவை பதியும் யோசனையும் இருக்கிறது.

---

தலவாக்கலை_தரவு

முதலில் இரண்டு பிழையையும் பிரித்துப் பார்ப்போம். காரணம் வேறு வேறு.

வேர் பகுதி: அக்சஸில் ஒரு வேர் அல்லது ஹேவிங் பகுதிக்குள் 99 ‘அன்ட்’ தான் போகும். உங்களுடையது 93 + 8 = 101 நிபந்தனை, இடையில் 100 ‘அன்ட்’. ஒன்றால் தவறியிருக்கிறது. ஒரு நிபந்தனையைக் குறைத்தால் ஓடும், ஆனால் ‘நல் இல்லை’ என்பதே தேவையற்ற நிபந்தனை. ஒரு நாள் வேலைக்கு வராதவரையும் அது தள்ளிவிடும், சம்பளப் பட்டியலில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். எடுத்துவிடுங்கள்.

அடுக்கு குவெரி: உள்ளே இருப்பது ஓடி முடிந்து, அதன் விடையின் மேல் வெளியே இருப்பது ஓடுகிறது என்றுதான் எல்லோரும் நினைப்பது. அக்சஸின் இன்ஜின் மூன்றையும் விரித்து ஒரே குவெரியாக்கித்தான் கம்பைல் பண்ணும் (ஓட்டத் தயாராக்கும்). நீங்கள் பிரித்தது உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் பிரிந்திருக்கிறது.

எண்ணிப் பாருங்கள். நாள் மொத்தம் ஒன்றில் 3 நிரல். பேர் பார்க்கும் இஃப்-க்குள் நாள் மொத்தம் இரண்டு தடவை வருகிறது (18 ஆ? 9 ஆ?), ஆக 6. மேல்கிலோவில் இரண்டு தடவை (18ஐத் தாண்டியதா, தாண்டினால் எவ்வளவு), இன்னொரு 6. நாளுக்கு 12, 31 நாளுக்கு 372. இதுதான் மொத்தச் சம்பளம் என்ற ஒரே ஒரு சொல்லுக்குப் பின்னால் இருப்பது. அந்தச் சொல்லை ஈபிஎஃப் இரண்டு, ஈடிஎஃப், கைச்சம்பளம் என்று நான்கு இடத்தில் மறுபடி கூப்பிட்டால் இன்னும் நான்கு 372. மொத்தம் 1860. சாக்குக் கழிவையும் ஈரக் கழிவையும் நான் இன்னும் எண்ணவே இல்லை. விரித்த எஸ்கியூஎல் (குவெரி எழுதும் மொழி) வாசகம் சுமார் 64,000 எழுத்து என்ற எல்லையைத் தொடாவிட்டாலும், கம்பைல் ஆகும்போது இன்ஜின் கைவிட்டுவிடும்.

இந்த மாதத்துக்கு ஒட்டு: நடு விடையை டேபிளில் இறக்குங்கள். முதல் குவெரியை ‘மேக் டேபிள்’ ஆக்கி ‘தற்_நாள்’ என்று இறக்கினால் அதில் தொழிலாளி இலக்கமும் 31 எண்ணும் மட்டும் இருக்கும், சூத்திரம் இருக்காது. அதிலிருந்து பேரும் மேல்கிலோவும் கூட்டி ‘தற்_பேர்’, ஒருவருக்கு இரண்டே எண். சம்பளக் குவெரி அதிலிருந்து. அதற்குப் பிறகு விரிக்க எதுவும் மிச்சமில்லை, பிழை வர வழியில்லை. ‘தற்_பேர்’ செய்யும்போதே முக்கினால் 1–15, 16–31 என்று இரண்டு டேபிளாக இறக்கி இலக்கத்தால் ஜொயின் பண்ணுங்கள் (இணையுங்கள்).

தற்காலிக டேபிள்களைத் தனி பைலில் வைத்து லிங்க் கொடுங்கள். அக்சஸில் அழித்த இடம் ‘கொம்பக்ட்’ பண்ணும்வரை திரும்பி வராது, பைலுக்கு உச்ச எல்லை 2 ஜிபி. அந்தத் தனி பைல் ஊதினால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைக்கலாம், செக்ரோலைத் தொட வேண்டியதில்லை.

நிரந்தர வழி: அந்த 93 நிரலையும் வரிகளாகத் திருப்ப வேண்டும். ‘நிறுவை’ என்று ஒரு டேபிள்: தொழிலாளி இலக்கம், திகதி, வேளை (1, 2, 3), மலை இலக்கம், மொத்தக் கிலோ, கழிவு. ஒரு நிறுவைக்கு ஒரு வரி. மாதம் 26 நாள் என்றால் 700 × 26 × 3 = 54,600 வரி, வருஷத்துக்கு ஆறரை லட்சம் சொச்சம். அக்சஸ் இதைத் தாங்கும். கழிவைக் கிலோவோடு சேர்த்துக் கழித்து வைக்காதீர்கள். சம்பளத்தன்று ஜன்னலில் வரும் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் இருக்கும்.

கிலோவின் வகை ‘கரன்சி’ ஆக இருக்கட்டும், ரூபாய் அடையாளத்தை எடுத்துவிட்டு. ‘சிங்கிள்’ போட்டால் தசமக் கிலோக்களைக் கூட்டி 18 வரவேண்டிய இடத்தில் மயிரிழை குறைந்து நின்றாலும் நிற்கும். திரையில் 18 என்றே தெரியும், ஆள் அரைப்பேரில் இருப்பார்.

---

ஒபிஸ்_மேசை

ஒட்டு வேலை பிடித்தது அண்ணே, சம்பளக் குவெரி ஓடுகிறது. நிரந்தர வழிக்குப் பழைய மாதங்களை மாற்ற 93 செலெக்ட்டை ‘யூனியன் ஆல்’ போட்டு அடுக்கினேன். அதற்கும் 3360.

---

தலவாக்கலை_தரவு

யூனியனிலும் அதே கதைதான், 93ஐயும் ஒரே மூச்சில் கம்பைல் பண்ணப் பார்க்கிறது. ஒரே குவெரி வேண்டாம். விபிஏயில் (அக்சஸுக்குள் இருக்கும் புரோகிராம் மொழி) வெளி லூப் நாள் 1 முதல் 31, உள் லூப் வேளை 1 முதல் 3. ஒவ்வொரு சுற்றிலும் நிரல் பெயரை ஒட்டி ஒரு சின்ன இன்சர்ட் (வரி சேர்க்கும் கட்டளை) எழுதி ‘எக்சிகியூட்’ பண்ணுங்கள். அது இவ்வளவுதான்:

இன்சர்ட் இன்டு நிறுவை (இலக்கம், திகதி, வேளை, கிலோ) செலெக்ட் இலக்கம், #2025-06-07#, 2, [நா7_ப] ஃப்ரம் பழையது வேர் [நா7_ப] > 0 அன்ட் மாதம் = 6

93 சின்ன இன்சர்ட், ஒவ்வொன்றும் அதிகம் போனால் 700 வரி. சில நொடியில் முடியும். கவனிக்க வேண்டிய பொறிகள் நான்கு.

திகதியை எஸ்கியூஎல் வரியில் ஒட்டும்போது வருஷம்-மாதம்-நாள் வரிசையில் ஃபோர்மட் பண்ணி # குறிகளுக்குள் வையுங்கள். எங்கள் கொம்பியூட்டர்கள் நாள்/மாதம் என்று காட்டும், அக்சஸ் எஸ்கியூஎல் மாதம்/நாள் என்று வாசிக்கும். 05/06 என்று ஒட்டினால் மே 6 ஆகிவிடும். 13ஆம் திகதியிலிருந்து தானாகச் சரியாக வரும், ஏனென்றால் 13ஆம் மாதம் கிடையாது. அதனால் முதல் 12 நாள் மட்டும் சிதறிக் கிடக்கும், கடைசிப் பக்கத்தைப் பார்த்துச் சரி என்று நினைத்துவிடுவீர்கள்.

‘டேட்சீரியல்’ ஜூன் 31 என்று கேட்டால் பிழை சொல்லாது, ஜூலை 1 தரும். 30 நாள் மாதத்திலும் பெப்ரவரியிலும் வெளி லூப்பை மாதக் கடைசியில் நிறுத்துங்கள். கடைசி நாள் தெரிய டேட்சீரியலுக்கு அடுத்த மாதமும் நாள் 0வும் கொடுத்தால் போதும்.

‘எக்சிகியூட்’க்குப் பின்னால் ‘டிபி-ஃபெயில்-ஆன்-எரர்’ போடாமல் விடாதீர்கள். இல்லாவிட்டால் நுழைய முடியாத வரிகளைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மேலே போகும்.

முழு மாதத்தையும் ஒரே டிரான்சாக்ஷனில் (முழுதாக நடக்கும், இல்லையேல் ஒன்றும் நடக்காத கட்டு) மூடினால் ‘ஃபைல் ஷெயரிங் லொக் கவுன்ட்’ என்று 3052 வரலாம். இயல்பாக ஒரு பைலுக்கு 9500 லொக்தான். நாளுக்கு ஒரு டிரான்சாக்ஷன் என்று மூடுங்கள், அல்லது ‘செட்ஒப்ஷன்’ மூலம் அந்த ஓட்டத்துக்கு மட்டும் 2 லட்சமாக உயர்த்துங்கள்.

இலக்கம் + திகதி + வேளைக்கு யுனீக் இன்டெக்ஸ் (ஒரே சேர்க்கை இரண்டு தடவை வரவிடாதது) போட்டுவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஒரே மாதத்தை இரண்டு தடவை ஏற்றிவிட்டால் அதுதான் தடுக்கும்.

---

ஊவா_குவெரி (பதுளை)

மேலே சொன்னதில் மாற்றமில்லை. டேபிளை நீட்டிய பிறகும் இஃப்-களைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள் என்பதற்குத்தான் இது.

18, 9 என்ற எண்களைக் குவெரிக்குள் எழுதாதீர்கள். ‘பேர்_வரம்பு’ என்று சின்ன டேபிள்: இருந்து, வரை, பேர், செல்லும் திகதி. மூன்று வரி: 0–9க்கு 0, 9–18க்கு 0.5, 18–999க்கு 1. நாள் மொத்தக் குவெரியை இதோடு ஜொயின் பண்ணுங்கள்: கிலோ >= இருந்து, கிலோ < வரை. ஒரு பக்கம் சமக்குறி இருக்க வேண்டும், மறுபக்கம் இருக்கக் கூடாது. இரண்டிலும் போட்டால் சரியாக 18 எடுத்தவருக்கு ஒன்றரைப் பேர் விழும். இந்த ஜொயினை டிசைன் பக்கத்தில் வரைய முடியாது, எஸ்கியூஎல் பக்கத்தில் கையால் எழுத வேண்டும். ஒருமுறை எழுதிய பிறகு டிசைன் பக்கத்தில் திறக்க மறுத்தால் பயப்பட வேண்டாம், ஓடும்.

நாட்கூலியும் அப்படியே. 2021 மார்ச்சில் 1000 ரூபா, 2024 செப்டெம்பரில் 1350 என்று மாறிக்கொண்டே வந்தது. விலையைச் சூத்திரத்துக்குள் வைத்தவர்கள் பழைய மாதத்து ரிப்போர்ட்டை இன்று எடுத்தால் புதிய விலையில் வருகிறது. ‘கூலி’ டேபிளில் தொடங்கும் திகதி, முடியும் திகதி, தொகை. நிலுவைக் கணக்குப் பார்க்கும் நாளில் இதன் அருமை தெரியும்.

கொழுந்து எடுக்காமல் சில்லறை வேலைக்குப் போனவருக்கு நிறுவை டேபிளில் வரியே இருக்காது. ஆகவே பிரட்டில் (காலையில் பெயர் கூப்பிடும் இடம்) எடுக்கும் வரவு டேபிள்தான் இடது பக்கம், நிறுவை வலது பக்கம், லெஃப்ட் ஜொயின் (வலதில் வரி இல்லாவிட்டாலும் இடது வரி நிற்கும்). இங்கே வழமையாகச் சறுக்கும் இடம்: வலது டேபிளின் நிரலுக்கு வேர் பகுதியில் ‘வேளை = 1’ என்று நிபந்தனை போட்டால் லெஃப்ட் ஜொயின் செத்து சாதாரண ஜொயின் ஆகிவிடும், சில்லறை வேலைக்காரர் எல்லோரும் மறைந்துவிடுவார்கள். வலது பக்கத்தை முதலில் ஒரு உள்குவெரியில் வடிகட்டி, அதன் விடையோடு ஜொயின் பண்ணுங்கள்.

துரைக்குப் பழைய தாள் மாதிரி 31 கட்டம் வேண்டும் என்றால் கடைசியில் ஒரு கிராஸ்டேப் (வரிகளை மறுபடி நிரலாக விரித்துக் காட்டும் குவெரி). இரண்டு விஷயம். ‘பிவட் நாள் இன் (1,2,3 … 31)’ என்று தலைப்புகளை நீங்களே கட்டிவைக்க வேண்டும். கட்டாவிட்டால் போயா தினத்திலோ ஞாயிறிலோ ஒருவரும் வேலை செய்யாத நாளுக்கு நிரலே வராது, ரிப்போர்ட் அந்த நிரலைத் தேடிக் கவிழும். மற்றது, மாதத்தைப் போர்மிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் ‘பராமீட்டர்ஸ்’ வரியில் அதை அறிவிக்க வேண்டும். சாதாரண குவெரி அறிவிக்காமல் ஓடும், கிராஸ்டேப் ஓடாது. ‘செல்லுபடியான பீல்ட் பெயர் இல்லை’ என்று திட்டும், நீங்கள் பீல்ட் பெயரில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

---

மலையில்_போன் (பண்டாரவளை)

போனில் பதியப் போகிறீர்கள் என்றதால். அங்கே இருப்பது எஸ்கியூலைட், போனுக்குள்ளேயே ஓடும் சின்ன டேட்டாபேஸ். அது எவ்வளவு சிக்கலான குவெரியையும் பெரும்பாலும் தாங்கும், 64 டேபிள் ஜொயின், ஒரே குவெரியில் 500 யூனியன் பகுதி என்று எல்லைகள் உயரத்தில் இருக்கின்றன. முட்டுவது பராமீட்டர் எண்ணிக்கையில். ஒரு கூற்றில் எத்தனை கேள்விக்குறி போடலாம் என்பதற்கு 3.32.0க்கு முந்திய வேர்ஷன்களில் 999, அதன் பிறகு 32,766. அன்ட்ரொய்ட் 11 வரை போனோடு வருவது பழையது, 12 முதல் புதியது. உங்கள் மேசைப் போனில் ஓடும், கணக்கப்பிள்ளையின் பழைய போனில் ‘டூ மெனி எஸ்கியூஎல் வேரியபிள்ஸ்’ என்று விழும். 999ஐ வைத்தே எழுதுங்கள்.

ஒரு நிறுவைக்கு 6 நிரல் என்றால் ஒரு இன்சர்ட்டில் 166 வரிதான் (996 குறி). ஆனால் இந்தக் கணக்கே தேவையில்லை. ஒரு வரிக்கான இன்சர்ட்டை ஒருமுறை தயாரித்து, ஒரு டிரான்சாக்ஷனுக்குள் 700 தடவை ஓட்டினால் வேகத்தில் சொல்லும்படியான வித்தியாசம் வராது. மெதுவாவது டிரான்சாக்ஷன் போடாமல் விடும்போதுதான், ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகப் போனின் ஸ்டோரேஜில் எழுதி முடியும்வரை காத்திருக்கும்.

‘இந்த 1200 இலக்கங்களில் எது இன்னும் ஒபிசுக்கு அனுப்பப்படவில்லை’ மாதிரிக் கேள்விக்கு ‘இன்’ பட்டியல் வேண்டாம். டெம்ப் டேபிளில் இலக்கங்களைப் போட்டு ஜொயின் பண்ணுங்கள். இதிலும் ஒரு குழி: டெம்ப் டேபிள் அந்தக் கனெக்ஷனுக்கு மட்டும்தான் தெரியும். வோல் முறையை (மாற்றங்களை முதலில் தனி லொக் பைலில் எழுதும் முறை) இயக்கியிருந்தால் அன்ட்ரொய்ட் பல கனெக்ஷன் திறக்கும், எழுதியது ஒன்றில், வாசிப்பது இன்னொன்றில், ‘அப்படி ஒரு டேபிளே இல்லை’ என்று வரும், அதுவும் எப்போதாவது ஒருமுறை. டேபிள் செய்வது, நிரப்புவது, வாசிப்பது மூன்றையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் வையுங்கள். ஜேசன் பட்டியலாக ஒரே பராமீட்டரில் கொடுக்கும் வழியும் உண்டு, ஆனால் ஜேசன் பங்ஷன்கள் இயல்பாகவே உள்ளே வந்தது 3.38.0இல்தான், பழைய போனில் நம்ப முடியாது.

மலையில் சிக்னல் இல்லாத இடம் நிறைய. வரி இலக்கத்தைப் போனிலேயே உண்டாக்குங்கள், ஆட்டோநம்பர் வேண்டாம். இரண்டு போன் ஒரே 1, 2, 3 உடன் ஒபிசுக்கு வந்து நிற்கும்.

---

சேர்வர்_பக்கம் (கொட்டகலை)

ஒரு மாறுபட்ட கருத்து. நிறுவைக்கூடத்திலும் தொழிற்சாலையிலும் ஒபிசிலும் மூன்று பேர் ஒரே அக்சஸ் பைலை, அதிலும் வைஃபையில் திறக்கப் போகிறார்கள் என்றால், இப்போதே டேபிள்களை மட்டும் சேர்வருக்கு மாற்றுங்கள். மின்னல் அடித்து லைன் போகும் மாலையில் எழுதிக்கொண்டிருந்த அக்சஸ் பைல் உடைவது சாதாரணம். எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸ் இலவசம், 2022 வேர்ஷன் வரை ஒரு டேட்டாபேசுக்கு 10 ஜிபி, உங்கள் கணக்குக்கு அது நிரம்பாது. போர்ம், ரிப்போர்ட் அக்சஸிலேயே இருக்கட்டும்.

ஆனால் சேர்வருக்குப் போனால் எல்லை இல்லை என்று எண்ண வேண்டாம். எஸ்கியூஎல் சேர்வரில் ஒரு கூற்றுக்கு 2100 பராமீட்டர், அளவுக்கு மிஞ்சிய ‘இன்’ பட்டியலுக்கு 8623 என்ற பிழை. மைஎஸ்கியூஎல்லில் ஒரு ஜொயினில் 61 டேபிள். ஒரக்கிளின் பழைய வேர்ஷன்களில் ‘இன்’ பட்டியலில் 1000ஐத் தாண்டினால் ஓஆர்ஏ-01795. போஸ்ட்கிரெஸில் 65,535 பராமீட்டர், அங்கே பட்டியலை ஒரே அரேயாகக் கொடுத்து ‘எனி’ போட்டால் ஒரு பராமீட்டரோடு முடிந்தது.

தலவாக்கலைக்காரர் சொன்ன ‘விரித்து ஒன்றாக்கும்’ பழக்கம் அங்கேயும் உண்டு. வியூவின் (சேமித்து வைத்த குவெரி) மேல் வியூ அடுக்கினால் சேர்வரும் விரிக்கும். போஸ்ட்கிரெஸ் 12 முதல் ‘வித்’ பகுதியையும், ஒரே தடவை பாவித்திருந்தால், வெளிக் குவெரியோடு கரைத்துவிடும். தனியாக ஓட வேண்டும் என்றால் ‘மெட்டீரியலைஸ்ட்’ என்று வெளிப்படையாக எழுத வேண்டும். ஆகவே டெம்ப் டேபிளில் இறக்கும் பழக்கம் எங்கே போனாலும் கைகொடுக்கும்.

லிங்க் பண்ணிய டேபிளில் வேர் பகுதிக்குள் நீங்கள் எழுதிய விபிஏ பங்ஷனைப் போடாதீர்கள். சேர்வருக்கு அது புரியாது, முழு டேபிளையும் வயரில் இழுத்து வந்து அக்சஸ் இங்கே வடிகட்டும். மாதக் கணக்குகளைப் பாஸ்-த்ரூ குவெரியாக (அப்படியே சேர்வரில் ஓடுவது) எழுதுங்கள்.

---

ஒபிஸ்_மேசை

ஜூன் மாதம் ஏற்றினேன். ஒருவருக்கு மட்டும் பழைய டேபிளின் கூட்டும் புதியதின் கூட்டும் 41.5 கிலோ வித்தியாசம். புதியதில் குறைவு. மற்ற எல்லோருக்கும் சரி. பிழை எதுவும் காட்டவில்லை.

---

தலவாக்கலை_தரவு

பிழை காட்டவில்லை என்றால் ‘டிபி-ஃபெயில்-ஆன்-எரர்’ ஏதோ ஒரு இடத்தில் விட்டுப்போயிருக்கிறது. அந்த இலக்கத்தைப் பழைய டேபிளில் தேடுங்கள், இரண்டு வரி இருக்கும். மாத நடுவில் டிவிஷன் மாறியவர்களுக்கு அப்படித்தான் எழுதுவார்கள். மாறிய நாளில் இரண்டு வரியிலும் கிலோ இருந்தால் இரண்டாவதை யுனீக் இன்டெக்ஸ் தள்ளியிருக்கும்.

---

ஒபிஸ்_மேசை

சரிதான், இரண்டு வரி. 16, 17ஆம் திகதி இரண்டு டிவிஷனிலும் காலை நிறுவையும் பகல் நிறுவையும் இருக்கிறது. தள்ளுப்பட்ட நான்கையும் கூட்டினால் 41.5. இப்போது இன்டெக்ஸில் டிவிஷனையும் சேர்ப்பதா?

---

தலவாக்கலை_தரவு

சேர்க்காதீர்கள் தம்பி. ஒருவர் ஒரே காலையில் இரண்டு டிவிஷனில் கொழுந்து நிறுக்க முடியாது, ஒன்று தவறாக எழுதப்பட்டிருக்கிறது. இன்டெக்ஸை அப்படியே விட்டு, அந்த நான்கு நிறுவையையும் கணக்கப்பிள்ளையின் கொழுந்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மற்ற மாதங்களை ஏற்ற முன், பழைய டேபிளில் இலக்கம் + மாதம் குரூப் பை பண்ணி எண்ணிக்கை 1ஐத் தாண்டியவர்களை ஒரு பட்டியலாக எடுத்துக்கொள்ளுங்கள்.